மெம்பரம்மாவின் சொந்தச் சந்து

மெம்பரம்மாவுக்கு ஒரு பெயர் உண்டு. தேர்தல் சமயத்தில் அது ஓட்டுச்சீட்டில் அச்சாகும். மற்ற நாட்களில் அதற்கு வேலை கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் 'பஞ்சர்காரர் பொண்டாட்டி' என்றார்கள். முதல் தேர்தலில் ஜெயித்த அன்று சாயங்காலமே 'மெம்பரம்மா' ஆகிவிட்டாள். அதற்கப்புறம் பஞ்சர்காரரைத்தான் 'மெம்பரம்மா வீட்டுக்காரர்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மனுஷன் அதற்கெல்லாம் வருத்தப்படுகிற ரகமில்லை. டியூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்து, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும், அவருக்குப் பொழுது போய்விடும்.

மூன்று தடவை விடாமல் ஜெயித்தவள். சும்மா ஜெயிக்கவில்லை. காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னே போனைக் காதில் வைத்துவிடுவாள். குழாய்க்காரர், விளக்குக்காரர், குப்பை வண்டி மேஸ்திரி எல்லாருக்கும் அவள் குரல் அத்துப்படி. "நான்தான் பேசறேன்" என்பாள். எந்த நான் என்று திருப்பிக் கேட்கிற துணிச்சல் நகராட்சி ஆபீஸில் ஒருவருக்கும் கிடையாது. பிரசவ வலி எடுத்தவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடுவாள். புருஷன் பெண்டாட்டி சண்டையில் இருவரையும் திட்டிவிட்டு வருவாள். வார்டுக்காக உழைத்தாளா என்று கேட்டால், அவளைப் பிடிக்காதவர்கள்கூட இல்லையென்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் அவளுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. அதைக் கொள்கை என்று அவள் சொல்லிக்கொண்டாள்.

அவளுக்கு முன்னால் மெம்பராக இருந்தவர் இரும்புக் கடைக்காரர். ஜெயித்த கையோடு தன் வீட்டு வாசல் வரைக்கும் சிமெண்ட் ரோடு போட்டுக்கொண்டு, மற்றச் சந்துகளைச் சேற்றிலேயே விட்டுவிட்டார். ஊரே வாயில் போட்டு மென்றது. அந்தச் சூட்டில்தான் இவள் முதல் தடவை நின்றாள். முச்சந்தியில் ஒரு ஸ்டூல்மேல் ஏறி நின்று, "நான் ஜெயிச்சா என் சந்துக்குத்தான் எல்லாமே கடைசி! வார்டுல எல்லாச் சந்துக்கும் வேலை முடிஞ்ச பிறகுதான் என் வீட்டு வாசல்!" என்று முழங்கினாள். அப்போது எழுந்த கைதட்டல் இருக்கிறதே, அது அவள் காதை விட்டு இறங்கவே இல்லை.

வார்டு வேலை எப்போதாவது முடியுமா? கடைசிச் சந்துக்கு ரோடு போட்டு முடிப்பதற்குள் முதல் சந்தில் குழி விழுந்துவிடும். ஆகவே அவள் சந்துக்கு முறை வரவே இல்லை. வாசலை ஒட்டி ஓடும் சாக்கடைக்கு மூடி கிடையாது. மழை பெய்தால் அது படியேறி உள்ளே வந்து நலம் விசாரிக்கும். எதிர்வீட்டுத் தையல்காரியிடம் துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே அளவு கொடுத்தார்கள். மாமியாருக்கு முட்டி வலி. சாக்கடையைத் தாண்டிக் கால் வைக்கப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். மெம்பரம்மாவோ வெளியிலிருந்து யார் வந்தாலும் அந்தச் சாக்கடையைக் காட்டி, "பார்த்தீங்களா, மெம்பர் வீட்டு வாசல் எப்படி இருக்குன்னு?" என்பாள். மெடலைக் காட்டுகிற மாதிரி இருக்கும்.

ஆரம்பத்தில் சந்துக்காரர்களுக்கும் அந்தப் பெருமையில் கொஞ்சம் பங்கு இருந்தது. எத்தனை வருஷம்தான் சாக்கடைத் தண்ணீரில் நின்றுகொண்டு பெருமைப்பட முடியும்? பெருமை வற்றிப்போனதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால், "நமக்கு என்ன அவசரம்? நாம விட்டுக் கொடுக்கணும்" என்பாள். அதற்குப் பயந்தே வாயைக் கட்டிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் லேப் பொண்ணு வந்து சேர்ந்தாள்.

தையல்காரியின் மாடிக்கு வாடகைக்கு வந்தவள். மெயின் ரோட்டில் இருக்கும் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதலில் சிரித்துவிட்டுப் பிறகு பேசுகிற பெண். வந்த புதிதில் ஒரு மழை பெய்தது. ரோடு எது, சாக்கடை எது என்று தெரியாமல் முழங்கால் வரை உள்ளே விட்டாள். காலை எடுத்தாள், செருப்பு வரவில்லை. மறுநாள் காலையில் நேராக மெம்பரம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, இங்க மெம்பர் வீடு எதுன்னு கேட்டேன். இந்த வீட்டைக் காட்டினாங்க."

எதுன்னு கேட்டாளாம்! அந்த ஒரு வார்த்தையிலேயே மெம்பரம்மாவுக்குச் சுருக்கென்றது.

"நான்தான். சொல்லு."

"நீங்களா?" அவள் வாசல் சாக்கடையைப் பார்த்தாள், மெம்பரம்மாவைப் பார்த்தாள். "அப்ப உங்க வாசல்லயே இப்படி ஓடுதேக்கா?"

மெம்பரம்மா ஸ்டூல் கதையிலிருந்து ஆரம்பித்துக் கொள்கையை விளக்கினாள். பாதியில் இருந்தே அந்தப் பெண்ணின் முகத்தில், ஊசிக்குப் பயப்படுகிறவரைப் பார்க்கிற மாதிரி ஒரு பொறுமை வந்திருந்தது.

"அதெல்லாம் சரிக்கா. உங்க சந்துக்கு நீங்க கேட்டாத்தானே தப்பு? நான் கேட்கலாம்ல?"

"கேளேன். யாரு வேண்டாம்னா?" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தாள் மெம்பரம்மா. நகராட்சி ஆபீஸில் நாற்காலியைக்கூடக் காட்டமாட்டார்கள், இந்தக் கண்ணாடிக்காரி ரெண்டு நாளில் வாடி வதங்கித் திரும்பிவிடுவாள் என்று அவள் நினைப்பு. அவள் செய்த பெரிய தப்பு அதுதான். போகச் சொல்லி அனுமதியும் கொடுத்துவிட்டாளே!

அந்தப் பெண் வேலை முடிந்ததும் தினமும் ஆபீஸுக்குப் போய் இஞ்சினியர் எதிரில் உட்கார்ந்தாள். "அந்தச் சந்தா? மெம்பரம்மாவே வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருக்காங்களேம்மா" என்றாராம். "அவங்க வேண்டாம்னாங்க சார், நாங்க வேணும்னு எழுதித் தர்றோம்" என்று சந்து முழுக்கக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் நீட்டினாள். இஞ்சினியரின் சோர்ந்த முகத்தைப் பார்த்துச் சர்க்கரை சோதிக்கச் சொன்னதும் அவள்தான். அவர் கையிலிருந்து இவள் ரத்தம் எடுத்தாள், இவள் மனுவில் அவர் கையெழுத்துப் போட்டார் என்று தையல்காரி பின்னால் கதை கட்டினாள். கதையோ நிஜமோ, ஒரு காலையில் சிமெண்ட் பலகைகளோடு வண்டி வந்து நின்றது.

சந்து முழுக்கச் சாக்கடையை மூடினார்கள். மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, ஒரு காலைப் பலகைமேல் வைத்தாள். அப்புறம் இன்னொரு காலை வைத்தாள். அங்கிருந்து எதிர்வீடு, எதிர்வீட்டிலிருந்து பக்கத்து வீடு என்று போய்க்கொண்டே இருந்தாள். கடைசியில் லேப் பொண்ணின் கன்னத்தைப் பிடித்து, "நீ நல்லாருக்கணும்டா கண்ணு" என்றாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மெம்பரம்மாவுக்கு நெஞ்சு காந்தியது. மூன்று தேர்தல் ஜெயித்தபோதும் அத்தை அவள் கன்னத்தைத் தொட்டதில்லை. முட்டி வலிக்கு எத்தனை டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறாள், எத்தனை ராத்திரி தைலம் தேய்த்திருக்கிறாள்! நாலு பலகையைப் போட்டுவிட்டு இந்த ஒல்லிக்குச்சி கண்ணு ஆகிவிட்டாளா?

அதற்கப்புறம் அந்தப் பெண் என்ன செய்தாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்தால், எதற்கு இந்த இளிப்பு என்று தோன்றும். சிரிக்காமல் போனால், தலைக்கனத்தைப் பார் என்று தோன்றும். அவள் செருப்புச் சத்தம்கூட ஆகவில்லை. நகராட்சி ஆபீஸில் விளக்குக்காரர், "உங்க சந்துல ஒரு பொண்ணு இருக்கே மெம்பரம்மா, கெட்டிக்காரப் பொண்ணு" என்று நல்லெண்ணத்தில் சொல்லிவைத்தார். அந்த வாரம் முழுக்க அவரைப் படுத்தி எடுத்துவிட்டாள்.

நாலாவது தேர்தல் அறிவித்தார்கள். எதிர்த்து நிற்க யாருக்கு மனசு வரும் என்று மெம்பரம்மா தெம்பாகத்தான் இருந்தாள். கணவர் கிரீஸ் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்த லேப் பொண்ணும் மனு போட்டிருக்காம்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா… மெம்பருக்குத்தான்."

"யாரு தூண்டி விட்டது?"

"யாரு தூண்டணும்? சந்தே சேர்ந்து போய்க் கேட்டிருக்கு." பிறகு தயங்கி, "உனக்குக் கோபமா, பொறாமையா?" என்று கேட்டார்.

"பொறாமையா? எனக்கா? அந்தப் பூச்சி மேலயா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் உயிரே இல்லை. பொறாமைக்கு ஒரு முகம் வேண்டுமென்றால் அப்போது அவள் முகத்தைப் பார்த்து வரைந்துகொள்ளலாம்.

அந்தப் பெண்ணுக்குக் கத்தரிக்கோல் சின்னம் கிடைத்தது. தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. போகிற வருகிறவரிடமெல்லாம் தன் கத்தரிக்கோலை எடுத்து ஆட்டினாள். பொத்தான் தைக்க வந்த ஒருவர் பயந்து இரண்டடி பின்னால் போய்விட்டார்.

பிரசாரத்தில் மெம்பரம்மாவுக்கு வண்டி இருந்தது, மைக் இருந்தது, கூட வர ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வாய் மட்டும்தான். வீடு வீடாகப் போனாள். பாதி வார்டின் கையில் அவள் ஊசி குத்தியிருந்தாள். "மாமா, சுகர் இறங்குச்சா? மாத்திரையை விட்டுடாதீங்க" என்பாள். "அக்கா, ரத்தம் ஏறியிருக்கும்போல, முகம் தெளிவா இருக்கே" என்பாள். ஓட்டுக் கேட்பதைச் சமயத்தில் மறந்தே போய்விடுவாள். வாசலோடு மெம்பரம்மாவை வணங்கி அனுப்பியவர்கள் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். ஊசியால் குத்துகிறவள்மேல் ஊருக்கு இவ்வளவு பிரியம் வருமென்று மெம்பரம்மா கனவிலும் நினைக்கவில்லை.

அவள் வீட்டுக்கும் வந்தாள். அதுதான் தாங்கவில்லை. மெம்பரம்மா சமையலறையில் இருந்தாள். வாசலில் குரல் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"அத்தை, உங்ககிட்ட ஓட்டுக் கேட்க வெட்கமா இருக்கு. கேட்காம தாண்டிப் போனா மரியாதையா இருக்காது. அதான் வந்தேன்."

"என் மருமகளை எதிர்த்து என்கிட்டயே கேட்கிறியா? கில்லாடிதான் போ!" என்று சொல்லி மாமியார் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு மெம்பரம்மாவுக்குப் புதிது. இந்த வீட்டில் அத்தை இப்படி வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டதே இல்லை. என்னைப் பார்த்து ஏன் யாரும் இப்படிச் சிரிப்பதில்லை என்று நினைத்தாள். எல்லாரும் என்னிடம் குழாயைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றும் நினைத்தாள். அழுகை வந்தது. அழுதால் அந்தப் பெண்ணுக்குக் கேட்டுவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் மெயின் ரோட்டுப் பக்கம் ஓட்டுக் கேட்கப் போனாள். கேட் வைத்த பெரிய வீடுகள். அங்கே ஒரு வீட்டம்மா பேச்சுவாக்கில், "எங்க ஓட்டு இந்தத் தடவை லேப் பொண்ணுக்குத்தான்னு என் பசங்க சொல்றாங்க. தப்பா நினைக்காதீங்க" என்றாள்.

மெம்பரம்மா தப்பாக நினைக்கவில்லை என்றுதான் தலையாட்டினாள். பிறகு கேட்டைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நல்ல பொண்ணுதான். ஆனா யாரு வீட்டு ரத்தத்துல என்ன இருக்குன்னு எல்லாம் அவளுக்குத் தெரியும், பாருங்க. நாளைக்கு வெளிய சொல்லமாட்டான்னு என்ன நிச்சயம்?"

அவ்வளவுதான் சொன்னாள். வாய் தவறி வந்ததில்லை. என்ன சொல்கிறோம், அது எங்கே போய்ப் பிடிக்கும் என்று தெரிந்தே சொன்னாள். சொன்னபோது வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது. அதனால் அடுத்த வீட்டிலும் சொன்னாள்.

அதற்குமேல் அவள் சொல்லவேண்டியிருக்கவில்லை. சொல்லமாட்டாள் என்று என்ன நிச்சயம் என்பது, சொல்லிவிடுவாள் என்று ஆனது. பிறகு சொல்லிவிட்டாளாம் என்று ஆனது. யாரைப் பற்றிச் சொன்னாள் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்காமல் இருந்தார்கள். லேப் முதலாளி அவளைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு நீ ரத்தம் எடுக்க வேண்டாம், உள்ளே உட்கார்ந்து கண்ணாடிக் குழாய்களைக் கழுவு என்று சொல்லிவிட்டார்.

"அந்தப் பொண்ணைப் பத்தி ஒரு பேச்சு ஓடுது. எங்க கிளம்புச்சுன்னுதான் தெரியல" என்றார் கணவர், சாப்பிடும்போது.

"தெரியலன்னா விடுங்க" என்றாள் மெம்பரம்மா.

அவர் அவளையே பார்த்தார். ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துவிட்ட டியூபை அவர் அப்படித்தான் பார்ப்பார். பிறகு கையைக் கழுவ எழுந்துவிட்டார்.

பள்ளிக்கூட ஹாலில் ஓட்டு எண்ணினார்கள். முதலில் பிரித்தது அவள் சந்து இருக்கிற பூத்தின் பெட்டி. சீட்டுகளை அடுக்க அடுக்க மெம்பரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரே கத்தரிக்கோல். அவள் சின்னத்தில் விழுந்தது ஒரு கைப்பிடிகூட இல்லை. எதிர்ப்பக்கம் நின்ற அந்தப் பெண்ணே அதைப் பார்த்து நெளிந்தாள். மற்றச் சந்துகள் பாதிப் பாதியாகப் பிரிந்தன. மத்தியானம் மெயின் ரோட்டுப் பெட்டிகளைத் திறந்தார்கள். அந்தக் கேட் வைத்த வீடுகள் மெம்பரம்மாவைத் தூக்கி நிறுத்திவிட்டன. மயிரிழையில் ஜெயித்தாள்.

கூட வந்த ஆட்கள் ஓவென்று கத்தினார்கள். வண்டியில் ஏற்றி வார்டைச் சுற்றிக்கொண்டு வந்து, சந்து முனையில் இறக்கிவிட்டார்கள். வண்டி உள்ளே நுழையாது. அவர்களுக்கும் பசி. "நாளைக்கு வர்றோம் மெம்பரம்மா" என்று கலைந்துபோனார்கள்.

தனியாக நடந்தாள். வீடுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. வேண்டுமென்றே சாத்திவிட்டார்கள் என்று முதலில் நினைத்தாள். அப்படியும் இல்லை, உள்ளே ஆளே இல்லை. சந்து முழுக்கத் தையல்காரி வீட்டில் இருந்தது. பேச்சுச் சத்தம் வெளியே கேட்டது. கால் தானாக அந்தப் பக்கம் போயிற்று.

வெட்டுத்துணிகளுக்கு நடுவில் லேப் பொண்ணு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றியிருந்தாள், கண் இரண்டும் வீங்கியிருந்தன. ஒருத்தி அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி டீயை ஆற்றி ஆற்றி, "ஒரு வாய் குடி, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். டீ ஆற்றுகிற இவளை ஒரு காலத்தில் நடுரோட்டில் வண்டியை மறித்துப் பிரசவத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது மெம்பரம்மாதான். உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றவர்கள்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் கை மாமியாரின் மடியில் இருந்தது.

தோற்றவளைப் பார்த்து ஜெயித்தவளுக்கு வயிறு எரிந்தது. ஸ்டூல்மேல் நின்று வாங்கிய கைதட்டலையும், மூன்று தடவை ஜெயித்ததையும், இப்போது ஜெயித்ததையும் சேர்த்துக் கொடுத்தாவது அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது.

அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. மெயின் ரோட்டு ஓட்டை எண்ணியபோதே, அந்தப் பேச்சு எங்கே கிளம்பியது என்று சந்துக்குப் புரிந்துவிட்டிருந்தது. தையல்காரிதான் வாயைத் திறந்தாள். "ரத்தத்தை வெச்சு ஓட்டு வாங்கிட்டியேக்கா."

லேப் பொண்ணு மட்டும் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "உட்காருங்கக்கா. காலையிலேர்ந்து நின்னுட்டே இருந்தீங்க" என்றாள்.

அந்த நாற்காலியில் எப்படி உட்காருவது? "அத்தை, வீட்டுக்கு வாங்க" என்றாள் மெம்பரம்மா.

"நீ போம்மா" என்றாள் மாமியார். குரலில் கோபமே இல்லை. "ஜெயிச்ச வீட்டுக்கு ஆளுங்க வருவாங்க. தோத்த வீட்டுல நாலு பேராவது இருக்க வேண்டாமா?"

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு உட்கார்ந்தாள். ஆளுங்க யாரும் வரவில்லை. போன் மட்டும் இரண்டு தடவை அடித்தது. இரண்டுமே தண்ணீர் வரவில்லை என்கிற புகார். கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். வாழ்த்துச் சொல்ல வாயெடுத்து, எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார்.

"என்னங்க."

"ம்."

"நான் தோத்திருந்தா, இன்னைக்கு நம்ம வீட்டுக்கு யாரெல்லாம் வந்திருப்பாங்க?"

எல்லாரும் வந்திருப்பார்கள் என்று வேறொரு புருஷன் சொல்லியிருப்பான். அவருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. கேட்ட கேள்விக்கு உண்மையிலேயே பதில் தேட ஆரம்பித்தார். சந்தின் ஒவ்வொரு வீடாக மனசுக்குள் போய்த் தட்டிப் பார்க்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"எங்கம்மா இருந்திருக்கும்" என்றார். மறுபடியும் யோசித்தார். "அப்புறம்… அந்தப் பொண்ணு கண்டிப்பா வந்திருக்கும்."

வந்திருப்பாள். கண்ணாடியும் சிரிப்புமாக வந்து, பக்கத்தில் உட்கார்ந்து கையையும் பிடித்துக்கொண்டிருப்பாள். அது மெம்பரம்மாவுக்கு நன்றாகத் தெரிந்தது. அதற்கும் சேர்த்து அவள்மேல் பற்றிக்கொண்டு வந்தது.